பாட்டியின் மண்ணெண்ணெய்த் துணியும் பாதாளத்துத் தாரும்

மொதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

1980-கள். மேற்குத் தாம்பரம். முடிச்சூர் ரோட்டுக்குத் தார் போட்டுக்கிட்டிருந்தாங்க. டிரம்முல தார் கொதிக்கும், பக்கத்துல ஜல்லிக் குவியல், ரோடு ரோலர். பள்ளிக்கூடம் விட்டு வர்ற பசங்களுக்கு அதைவிடப் பெரிய சினிமா கிடையாது. அப்படி வேடிக்கை பார்த்ததில் புதுசா வாங்கின ஹவாய் செருப்பு தாரில் ஒட்டிக்கிச்சு. காலைப் பிடுங்கினா வார் அறுந்துபோச்சு. பாதம் பூரா கருப்பு. வீட்டுக்குப் போய் சோப்பு போட்டேன், சீயக்காய் போட்டேன், செங்கல் தூளே போட்டுத் தேய்ச்சேன். ஒண்ணும் நடக்கலை.

பாட்டி எதுவும் சொல்லாமல் ஸ்டவ்வுக்கு வெச்சிருந்த ரேஷன் மண்ணெண்ணெயைப் பழைய துணியில் நனைச்சுத் துடைச்சாங்க. ரெண்டே நிமிஷம். கருப்பு கரைஞ்சு ஓடிப்போச்சு. "எண்ணெய எண்ணெயாலதான்டா எடுக்கணும்"னு ஒரு வரி. அவ்ளோதான் லெக்சர்.

அந்த ஒரு வரியை உலகத்துப் பெரிய எண்ணெய்க் கம்பெனிகள் இன்னும் சரியாகச் செய்து முடிக்க முடியாமல் திணறிக்கிட்டிருக்குன்னா நம்புவீங்களா? அதுதான் இந்தப் பதிவு.

தார் மாதிரி ஒரு எண்ணெய்

கச்சா எண்ணெய்னா நம்ம மனசுல வர்றது சினிமாவுல பூமியைப் பிளந்துக்கிட்டுப் பீய்ச்சி அடிக்குமே, அது. நம்ம காவிரிப் படுகையில், நரிமணத்தில் கிடைப்பதெல்லாம் இலேசான ரகம். ஆனால் உலகத்தில் இருக்கிற எண்ணெயில் பெரிய பங்கு அப்படி ஓடாது. கெட்டி. வெனிசுவேலாவின் ஒரினோக்கோ, கனடாவின் ஆல்பர்ட்டா இந்த ரெண்டு இடத்திலும் கிடப்பது பெரும்பாலும் இந்த ரகம்தான். கன எண்ணெய்னு சொல்லுவாங்க, அதைவிடக் கெட்டியானது பிட்டுமென்.

எவ்வளவு கெட்டி? பிசுபிசுப்பை அளக்க சென்டிபாய்ஸ்னு ஓர் அலகு இருக்கு. தண்ணிக்கு 1. தேனுக்குச் சில ஆயிரம். ஆல்பர்ட்டாவின் அதபாஸ்கா பிட்டுமென் பூமிக்கடியில் இருக்கிற குளிர்ச்சியில் பத்து லட்சத்தைத் தாண்டும். கிணறு வெட்டினா ஒரு சொட்டு வராது. தார் டிரம்மைக் கவிழ்த்துட்டு அது தானா வரும்னு உட்கார்ந்திருக்கிற மாதிரி.

இது நமக்குப் புதுசும் இல்லை. மொகஞ்சதாரோவின் பெரிய குளத்தில் தண்ணி கசியாமல் இருக்கப் பூசியிருந்தது இதே பிட்டுமென்தான், 4000 வருஷத்துக்கும் மேல ஆச்சு. தமிழில் 'கீல்'னு ஒரு நல்ல சொல் உண்டு. படகின் இடுக்குகளில் பூசும் கரும்பசை. தமிழ் விவிலியத்தில் நோவாவின் பேழைக்குப் பூசுவதும் கீல்தான். ஆக, தானாகவே பூமிக்கு மேல வந்த தாரை மனுஷன் எப்பவோ பயன்படுத்திட்டான். கீழே கிடப்பதை மேலே கொண்டுவர்றதுதான் பிரச்சினை.

கெட்டி எண்ணெய் எப்படிப்பட்ட ஜந்துன்னு சென்னைக்காரங்க 2017-ல நேர்ல பார்த்தோம். ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே டான் காஞ்சிபுரம், பி.டபிள்யூ. மேப்பிள்னு ரெண்டு கப்பல் மோதிக்கிச்சு. கொட்டின கன எண்ணெய் எர்ணாவூர் கரையில் களியா ஒதுங்கிச்சு. உறிஞ்ச வந்த லாரிகளின் குழாய் அடைச்சுக்க, மீனவர்களும் மாணவர்களும் பக்கெட்டால் அள்ளினாங்க. ஊரே சிரிச்சது, "பக்கெட்டா?"ன்னு. ஆனா யோசிச்சுப் பாருங்க: திறந்த கரையில், வெயிலில், கண்ணெதிரே கிடக்கிற எண்ணெயையே பம்பு வெச்சு எடுக்க முடியலை. ஆயிரம் மீட்டர் ஆழத்தில் மணற்பாறையின் நுண்துளைக்குள் ஒட்டிக்கிட்டிருக்கிறதை எப்படி எடுக்கிறது?

வழி மூணே மூணுதான். ஒண்ணு, கொளுத்தணும். ரெண்டு, ஆவியில் வேகவைக்கணும். மூணு, எங்க பாட்டி வழி.

பூமிக்கடியில் ஒரு தீ

கிழக்குத் தாம்பரத்தில் எங்க காலை நடை கோஷ்டியில் ஒரு பெரியவர் இருக்கார். குஜராத் எண்ணெய் வயல்களில் பல வருஷம் வேலை பார்த்துட்டு ஓய்வு பெற்று சேலையூர் பக்கம் செட்டில் ஆனவர். ஒருநாள் காபி குடிக்கும்போது, "தம்பி, நான் வேலை பார்த்த ஊர்ல பூமிக்கடியில தீ எரிஞ்சுது, தெரியுமா?"ன்னார். சும்மா கதை விடறார்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சா, சாமி சத்தியமா நிஜம்!

வடக்கு குஜராத்தின் மெஹ்சானா. 1970-ஐ ஒட்டி ஓ.என்.ஜி.சி. அங்கே பலோல், சாந்தல் என்ற வயல்களைக் கண்டுபிடிச்சது. ஆயிரம் மீட்டர் ஆழத்தில் கெட்டி எண்ணெய். கனடா அளவுக்கு மோசம் இல்லை, கொஞ்சம் நகரும். ஆனால் பலோலில் சாதாரணமாக பம்பு பண்ணினா இருக்கிறதில் 13 சதவீதம் கிடைக்கும்னு கணக்கு. மீதி 87? பாறைக்கே சொந்தம். கூடவே அடியில் நீரோட்டம் வேற. எண்ணெயை இழுத்தா, சுலபமா ஓடுற தண்ணி முந்திக்கிட்டு வந்துடும்.

1990-ல் பலோலில் ஒரு சோதனை ஆரம்பிச்சாங்க. கிணறு வழியாகக் காற்றை அழுத்தி உள்ளே அனுப்பி, எண்ணெயில் ஒரு பகுதிக்குத் தீ வைப்பது. எரிவது எண்ணெயின் கடைசிக் கசடு, கரி. அந்தச் சூட்டில் முன்னால் இருக்கிற எண்ணெய் இளகி, அடுத்த கிணற்றை நோக்கித் தள்ளப்படும். காற்று போகப் போகத் தீ அடி அடியா நகரும். 1997-ல் பலோல், சாந்தல் ரெண்டிலும் வணிக அளவுக்கு விரிவாச்சு. 13 சதவீதம் கிடைக்கும்னு சொன்ன இடத்தில் மூணில் ஒரு பங்குக்கு மேல எடுக்கலாம்னு மதிப்பீடு வந்தது. ருமேனியாவின் சுப்லாகுவில் 1960-களிலேயே தொடங்கியிருந்தாங்க. இந்த வித்தையைப் பெரிய அளவில் நிலைச்சு நடத்திக் காட்டிய நாடுகளை விரல் விட்டு எண்ணிடலாம். அதில் ஒண்ணு இந்தியா. நம்ம பாடப் புத்தகத்தில் ஒரு வரி வந்திருக்கா? நான் பார்த்ததில்லை.

பெரியவர்கிட்ட, "அப்ப பிரச்சினை தீர்ந்துச்சே சார்?"ன்னேன். சிரிச்சார். "காத்து அடிக்கிற கம்ப்ரஸர் செலவு இருக்கு. வெளிய வர்ற புகைய சமாளிக்கணும். தீ எந்தப் பக்கம் போகுதுன்னு மேல இருந்து கணக்குப் போட்டுத்தான் பார்க்கணும், எட்டிப் பார்க்க முடியுமா? அதையும் மீறி, பாதிக்கு மேல கீழேயேதான் தம்பி இருக்கு."

ஆவி பிடித்த பட்லர்

இப்ப கனடாவுக்குத் தாவுறோம். ராஜர் பட்லர்னு ஒரு வேதிப் பொறியாளர். 1927-ல் இங்கிலாந்தில் பிறந்து கனடா போய் இம்பீரியல் ஆயில் கம்பெனியில் சேர்ந்தவர். அவர் யோசனை ரொம்ப எளிமை. ஒண்ணுக்கு மேல ஒண்ணா, சுமார் 5 மீட்டர் இடைவெளியில், படுக்கை வாட்டத்தில் ரெண்டு கிணறு போடு. மேல் கிணற்றில் நீராவி விடு. ஆவி மேலே ஏறி ஓர் அறை மாதிரி பரவும். அதன் ஓரத்தில் இருக்கிற பிட்டுமென் சூட்டில் உருகி, தன் எடையாலேயே கீழே வடியும். கீழ்க் கிணற்றில் பிடிச்சுக்கோ. இட்லிப் பானையை நினைச்சுக்குங்க, அதே தத்துவம் :-)

1980-ல் கோல்டு லேக்கில் முதல் கிணறு சோதனை. அப்புறம் ஆல்பர்ட்டா அரசின் ஆஸ்ட்ரா என்ற ஆராய்ச்சி அமைப்பு, ஃபோர்ட் மெக்மரே அருகே பூமிக்கடியில் சுரங்கமே தோண்டி 1987-ல் மூணு ஜோடிக் கிணறுகளில் சோதிச்சு, வேலை செய்யுதுன்னு நிரூபிச்சது. இன்னிக்குக் கனடாவின் எண்ணெய் மணலில் வெட்டி எடுக்க முடியாத ஆழத்தில் கிடக்கும் பிட்டுமெனை எடுக்க முக்கியமான வழி இதுதான். 200 டிகிரிக்கு மேல சூடான ஆவி பட்டா, பத்து லட்சம் சென்டிபாய்ஸ் பத்து சென்டிபாய்ஸ் ஆகிடும். மந்திரம் மாதிரி.

ஆனா மந்திரத்துக்கு விலை இருக்கு. ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு ரெண்டு முதல் நாலு பீப்பாய் தண்ணியை ஆவியாக்கணும். அந்தத் தண்ணியில் பெரும்பகுதியைத் திரும்பச் சுத்தம் பண்ணிப் பயன்படுத்துறாங்கன்னாலும், கொதிக்க வைக்க இயற்கை எரிவாயுவை எரிச்சே ஆகணும். எண்ணெய் எடுக்கிறதுக்கே இவ்ளோ புகை.

இந்த இடத்தில் எனக்கு 2019 ஞாபகம் வருது. சென்னை வறண்ட வருஷம். எங்க தெருவில் லாரி தண்ணிக்கு ராத்திரி ரெண்டு மணிக்குக் குடத்தோடு நின்னோம். போர்வெல் 300 அடிக்குப் போயும் வெறும் காத்து. அந்த நிலைமையில் நிக்கிறவன்கிட்ட "ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு மூணு பீப்பாய் தண்ணி"ன்னு சொல்லிப் பாருங்க. மெஹ்சானா மாவட்டமும் நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போயிட்டதுக்குப் பேர் போன இடம்தான். கனடாவில் ஆறு ஓடுது, நமக்கு?

பாட்டி வழிக்கு வந்தார் பட்லர்

சுவாரசியம் என்னன்னா, ஆவி வித்தையைக் கண்டுபிடிச்ச அதே பட்லர்தான் ஆவியே வேண்டாம்ங்கிற இடத்துக்கும் வந்தார். 1983-ல் கல்காரி பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியரா போன பிறகு, இகோர் மோக்ரிஸ் என்பவரோடு சேர்ந்து 1989-ல் ஒரு கட்டுரை. 1991-ல் அதுக்கு ஒரு பேரும் வந்தது: வேபெக்ஸ். அதே ரெண்டு கிணறு. நீராவிக்குப் பதிலா புரொப்பேன், பியூட்டேன் மாதிரியான வாயுக்களின் ஆவி. அது பிட்டுமெனில் கரைஞ்சு, பிட்டுமென் நீர்த்துப்போய், கீழே வடியும். மேலே வந்ததும் வாயுவைப் பிரிச்சு எடுத்துத் திரும்ப உள்ளே அனுப்பலாம்.

எண்ணெய எண்ணெயாலதான்டா எடுக்கணும்!

இதில் ஒரு போனஸும் உண்டு. புரொப்பேன் பட்டால் பிட்டுமெனின் ரொம்பக் கெட்டியான பகுதி, அஸ்பால்டீன், திரிஞ்சு பிரியும். மசகு எண்ணெய் தயாரிக்கும் சுத்திகரிப்பு ஆலைகள் 1930-களிலிருந்து மேலே தொட்டியில் செய்யும் வேலை இது. நம்ம மணலியிலும் அப்படி ஓர் அலகு உண்டு. அதே வேலை பூமிக்கடியிலேயே இலவசமா நடந்தா, மேலே வருவது ஏற்கனவே பாதி சுத்தமான எண்ணெய். தண்ணி வேண்டாம், பாய்லர் வேண்டாம், புகை குறைவு. காகிதத்தில் பார்த்தா சொர்க்கம்.

நிலத்தில்? 2000-களில் ஆல்பர்ட்டாவின் டோவரில், பழைய ஆஸ்ட்ரா சுரங்கம் இருந்த இடத்திலேயே, வேபெக்ஸைச் சோதிச்சாங்க. எதிர்பார்த்த வேகம் வரலை.

ஏன்னு புரிய உங்க சமையலறைக்குப் போங்க. கட்டிப் பெருங்காயத்தைப் பச்சைத் தண்ணியில் போட்டா காலையில்தான் கரையும். நெய்க்கட்டியைச் சூடான வாணலியில் போட்டா நொடியில் உருகும். சூடு பாறைக்குள் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டா, கரைப்பான் கெட்டி எண்ணெய்க்குள் ஊடுருவும் வேகம் நூற்றுக்கணக்கான மடங்கு, சில நிலைமைகளில் ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. எங்க பாட்டி ஜெயிச்சது எப்படின்னா, அவங்க துணியால் *தேய்ச்சாங்க*. பாதாளத்தில் போய் யார் தேய்க்கிறது?

ரெண்டாவது, விலை. தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கிற ஆலையில் ஹெக்சேன் ஊற்றி எடுத்துட்டு, ஹெக்சேனைக் கிட்டத்தட்ட முழுசாத் திரும்பப் பிடிச்சுடுவாங்க, மூடின பாத்திரம். பூமிக்கு மூடி கிடையாது. அனுப்பின கரைப்பானில் ஒரு பங்கு பாறையிலேயே தங்கிடும். கரைப்பான் பிட்டுமெனைவிட விலை அதிகம். அதாவது வெள்ளியை ஊற்றி ஈயம் எடுக்கிற கதை.

பாதி ஆவி, பாதி பாட்டி

அதோட விட்டுடலை. ரெண்டையும் கலந்தாங்க. இம்பீரியல் ஆயில் 2002-ல் கோல்டு லேக்கில் நீராவியோடு கொஞ்சம் மெல்லிய எண்ணெயைச் சேர்த்து அனுப்பிச் சோதிச்சு, 2007-ல் வணிக அளவுக்குக் கொண்டுபோனது. என்சால்வ்னு ஒரு கம்பெனி 2014 முதல் 2017 வரை அதே டோவர் பகுதியில் சூடாக்கிய கரைப்பானை மட்டுமே வெச்சு, தண்ணியே இல்லாமல் ஒரு லட்சம் பீப்பாய்க்கு மேல எடுத்துக் காட்டியது. நல்லாத்தான் வேலை செஞ்சது. ஆனா 2014-க்குப் பிறகு எண்ணெய் விலை சரிஞ்ச நேரத்தில் புது வித்தைக்குப் பணம் போட யார் இருக்கா? சோதனையோடு நின்னுபோச்சு.

பட்லர் 2005-ல் காலமானார். 2024-ல் இம்பீரியல் ஆயில் கோல்டு லேக்கின் கிராண்ட் ராப்பிட்ஸ் பகுதியில், அவருடைய ரெட்டைக் கிணற்றில் நீராவியும் கரைப்பானும் சேர்த்து அனுப்பும் முறையை வணிக அளவில் தொடங்கியது. இலக்கு, நாளைக்கு 15,000 பீப்பாய். பழைய ஆவி முறையைவிட ஒரு பீப்பாய்க்கான புகை 40 சதவீதம் வரை குறையும்னு கம்பெனி சொல்லுது. 1989-ல் எழுதின கட்டுரைக்கு 35 வருஷம் கழிச்சுப் பாதி வெற்றி.

சரி, நமக்கு என்ன?

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் மாவட்டத்தில் பாகேவாலான்னு ஒரு வயல். தார் பாலைவனத்துக்கடியில் தார் (சிலேடைக்கு மன்னிக்கவும்). ஆயில் இந்தியா 1991-ல் கண்டுபிடிச்சது. 50 கோடி வருஷத்துக்கும் பழைய பாறை. கெட்டி எண்ணெய் என்பதால் கால் நூற்றாண்டுக்கு மேல பெரிசா ஒண்ணும் நடக்கலை. 2018 வாக்கில்தான் ஆவி விட்டு எடுக்க ஆரம்பிச்சாங்க. கொஞ்ச நாள் ஆவி விடணும், ஊறவிடணும், அதே கிணற்றிலிருந்து எடுக்கணும். எடுத்ததை டேங்கர் லாரியில் ஏற்றி குஜராத்துக்கு அனுப்பணும்.

பாலைவனத்தில் நீராவி! கரைப்பான் முறை உலகத்தில் எங்காவது அவசியம்னா அது இங்கேதான்னு நான் பெரியவர்கிட்ட உணர்ச்சிவசப்பட்டுப் பேசினேன். அவர் காபி டம்ளரைக் கீழே வெச்சுட்டுக் கேட்டார், "புரொப்பேன், பியூட்டேன்னா என்ன தம்பி?"

"வாயு சார்."

"உங்க வீட்டு சிலிண்டர் தம்பி."

சுருக்குன்னு குத்திச்சு. சமையல் வாயு என்பதே புரொப்பேனும் பியூட்டேனும் கலந்ததுதான். நாம் எரிக்கிற சமையல் வாயுவில் பாதிக்கு மேல இறக்குமதி. கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல இறக்குமதி. இறக்குமதி செய்த வாயுவைப் பூமிக்குள்ள ஊற்றி, இறக்குமதியைக் குறைக்கிற எண்ணெயை எடுக்கணும். தண்ணியை மிச்சம் பிடிச்சா அடுப்பு, அடுப்பை மிச்சம் பிடிச்சா தண்ணி. கனடாக்காரனுக்கு இது லாப நஷ்டக் கணக்கு. நமக்கு வீட்டுக் கணக்கு.

இதுக்கு ஒரு சின்ன வெளிச்சம் நம்ம பக்கத்திலேயே இருக்கு. தாம்பரத்தில் ரயில் ஏறினா எட்டாவது ஸ்டேஷன் கிண்டி. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஐஐடி. 2010-களில் அங்கே அயனித் திரவங்கள்னு ஒரு வகை வேதிப்பொருளைச் சிறிதளவு சேர்த்தால் கன எண்ணெயின் பிசுபிசுப்பு எவ்வளவு குறையும்னு சோதிச்சு ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டிருக்காங்க. அண்டா அண்டாவா கரைப்பான் ஊற்றுறதுக்குப் பதிலா கரண்டி அளவு போதுமாங்கிற கேள்வி. ஆய்வகக் குடுவைக்கும் வயலுக்கும் எவ்வளவு தூரம்னு வேபெக்ஸ் கதையிலேயே பார்த்தோம். ஆனாலும் கேள்வி சரியான கேள்வி.

பின்னூட்டத்தில் யாராவது நெடுவாசல்னு ஆரம்பிப்பீங்கன்னு தெரியும். நியாயம்தான். 2017-ல் அந்த ஊர் மக்கள் கேட்டது, கீழே எதை அனுப்புறீங்க, அது எங்க கிணத்துத் தண்ணிக்கு வருமாங்கிறது. 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமா அறிவிச்ச சட்டமே வந்தது. அங்கே கிடப்பது கன எண்ணெய் இல்லை, இந்த முறைக்கு அங்கே வேலையும் இல்லை. ஆனால் பாகேவாலாவில் ஆடு மேய்க்கிறவருக்கும் அந்தக் கேள்வியைக் கேட்க உரிமை உண்டு. உள்ளே போன கரைப்பானில் ஒரு பங்கு திரும்ப வராதுன்னு கம்பெனிகளே கணக்கு எழுதும்போது, அது எங்கே தங்குதுங்கிற கணக்கையும் ஊர்க்காரங்க முன்னாடி வைக்கணும்.

எங்க பாட்டி என் காலைத் துடைச்சு முடிச்சதும், அந்தத் துணியைக் கிணத்தடியில் அலசக் கூடாதுன்னு சொல்லி, பழைய பேப்பரில் சுருட்டித் தனியா எடுத்து வெச்சாங்க. கிணத்துல எண்ணெய் வாடை வந்தா தெருவே குடிக்க முடியாது, அதான். அந்தக் கிணறு இப்ப இல்லை, மேல ஒரு அப்பார்ட்மெண்ட் நிக்குது. மண்ணெண்ணெயும் வீட்டில் இல்லை.

போன மாசம் ரோட்டுக்குத் திரும்பவும் தார் போட்டாங்க. என் பையன் ஷூவோட வந்து நின்னான், அடியில் கருப்பு. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்ச்சுப் பார்த்தேன். வந்துச்சு. மெதுவா.

டிஸ்கி: பெரியவர் இதைப் படிச்சுட்டு, தீயைப் பத்தி இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்னு கோவிச்சுக்குவார். அது தனிப் பதிவா வரும் சார், காபி உங்க செலவு :-)